அம்புக்குறி மாஸ்டர்

சாம்பிள் ரூம் மாஸ்டர் ஓய்வு பெற்றதும் வாங்கும் வேன், கம்பெனி வேனாகத்தான் இருக்கும். மாதனூர், பேரணாம்பட்டு, ஆலங்காயம், நாட்றம்பள்ளி என்று விடியற்காலையில் ஊர் ஊராகச் சுற்றிப் பெண்களை ஏற்றிவந்து ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலில் இறக்கி, பொழுது சாய்ந்ததும் மறுபடி கொண்டுபோய்ச் சேர்த்தே வயதான வண்டி அது. ஒன்று டெம்போ டிராவலர், இல்லாவிட்டால் சுவராஜ் மஸ்தா. டிராவலர் என்றால் மாஸ்டருக்குக் கூடுதலாக ஒரு பெருமை: "உள்ள இருக்கறது பென்ஸ் இன்ஜினு." இது பொய்யும் இல்லை. பஜாஜ் டெம்போ என்ற பெயரில் இருந்து 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆன கம்பெனி, மெர்சிடிஸ் உரிமத்தோடு செய்துவந்த டீசல் இன்ஜின் வம்சம் அது. 1970களில் பென்ஸ் 240டி காரில் ஓடியதும் இதே வம்சம்தான். வண்டியின் நம்பர் டி.என். 23, அதாவது வேலூர்ப் பதிவு. 2019இல் ஆம்பூரே வேலூரைவிட்டுத் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. மாவட்டம் நகர்ந்த பிறகும் நகராத வண்டி என்ற பெருமையும் இதற்கு உண்டு.

நோக்கம் எளிது. வீட்டைப் பூட்டிச் சாவியை மகள் கையில் கொடுத்துவிட்டு, கன்னியாகுமரியில் தொடங்கிக் காஷ்மீர் வரை, இனி வாழ்வது முழுக்க ரோட்டில்தான். சமையல், தூக்கம், குளியல் எல்லாம் வண்டிக்குள்ளேயே. ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா கம்பெனி ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்துக் கொடுக்கத் தொடங்கியது 1950களில். அமெரிக்காவில் வீட்டைப் பறிகொடுத்த முதியவர்கள் வண்டிகளில் குடியேறிய கதையை ஜெசிகா புரூடர் 2017இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். ஆம்பூர் மாஸ்டர் எதையும் பறிகொடுத்தவர் இல்லை. இரண்டு மாடி வீடு, மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க், வாசலில் வேப்பமரம் எல்லாம் இருக்கின்றன. வண்டி நிற்பது அந்த வேப்பமரத்தடியில்.

பெஞ்சு சீட்டுகளைக் கழற்றி, தரையில் துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பது முதல் வேலை. அடுத்தது கூரை. வேலூர்ப் பக்கத்தில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். தகரக் கூரையின் உட்பக்கத்தில் அப்போது கை வைக்க முடியாது. ஆகவே கூரைக்கும் உள்பலகைக்கும் நடுவே நைட்ரைல் ஃபோம் ஒட்ட வேண்டும். தகட்டில் மட்டும் ஒட்டி, அதைத் தாங்கும் இரும்புச் சட்டங்களை விட்டுவிட்டால் சூடு சட்டம் வழியாக உள்ளே வந்துவிடும். இந்த இரண்டு வேலையையும் மாஸ்டர் குறைசொல்ல முடியாதபடி செய்வார். அங்கேதான் ஆபத்து ஆரம்பம்.

மெத்தை விஷயம் இன்னும் சீக்கிரம் முடியும், ஏனென்றால் அதில் விவாதத்துக்கே இடமில்லை. ரெக்ஸின் போடலாமே என்று சொன்ன சம்பந்தி, அதற்குப் பிறகு அந்த வீட்டில் காபி குடித்ததில்லை. தோல்தான், அதுவும் குரோம் பதனிட்ட மாட்டுத்தோல். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் திக்னஸ் கேஜை எடுத்து நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்து, ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும் என்று சரியாக வந்தால்தான் வெட்டுவார். கேஜ் வைப்பதற்கு முன்பே கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அதே கணக்கைச் சொல்லிவிட்டிருக்கும், அது வேறு. குரோம் தோல் கொதிதண்ணீரையே தாங்கும். மே மாத ராத்திரியில் அதன்மேல் படுக்கும் முதுகு தாங்குமா என்பது அந்தப் பரிசோதனையில் வராது. வியர்வையில் முதுகு ஒட்டிக்கொள்வதால் வீட்டம்மா அதன்மேல் ஒரு பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டிருப்பார். ஆள் வரும்போதெல்லாம் மாஸ்டர் புடவையை உருவுவார். போனதும் அம்மா மறுபடி போடுவார்.

ஆள் வருவதைப் பற்றிச் சொல்லாமல் இந்த வகையினரைப் புரிந்துகொள்ள முடியாது. ஷூ ஏற்றுமதியில் சாம்பிள் ரூம் ஒரு தனி ராஜ்யம். வெளிநாட்டிலிருந்து படம் வரும். பேட்டர்ன் வெட்டி, தோல் வெட்டி, தைத்து, லாஸ்ட் என்ற கால் அச்சில் ஏற்றி, பெரும்பாலும் ஒற்றைக் கால் ஷூ ஒன்று செய்து அனுப்புவார்கள். ஆணுக்கு 42, பெண்ணுக்கு 37 என்பது வழக்கமான சாம்பிள் சைஸ். பையர் குறை சொல்வார், திருத்தி அனுப்புவார்கள். இன்னொரு குறை வரும், இன்னொரு ஷூ போகும். கடைசியில் பையர் ஓகே சொன்னதும் அந்த ஷூ புரொடக்ஷனுக்குப் போய்விடும். மாஸ்டருக்கும் அதற்கும் உறவு முடிந்தது. முப்பது வருஷம் இப்படி வாழ்ந்தவருக்குக் குறை என்பது சம்பளம், ஓகே என்பது வழியனுப்பு. அவர் கைப்பட்ட ஷூ ஆயிரம் இருக்கும், அவற்றில் ஒன்றைக்கூடப் போட்டுக்கொண்டு யாரும் பால் வாங்கப் போனதில்லை. ஒற்றைக் கால் ஷூவில் எப்படிப் போவது?

கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் ஷூவில் குறை உள்ள இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார். நூல் பிசிறு, பசைக் கறை, தோல் சுருக்கம் எதுவானாலும் அம்பு காட்டும். ஓய்வு பெறும்போது மாஸ்டர் வீட்டுக்குக் கொண்டுவந்த சொத்து, மாலையும் வெள்ளித் தட்டும் தவிர, இந்த ஸ்டிக்கர் ஷீட் ஒரு கட்டு. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர், ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு வந்த மைத்துனர் குடும்பம் என்று யார் வந்தாலும் முதலில் வண்டிக்குள் ஏற்றப்படுவார்கள். உட்கார வைத்து, படுக்க வைத்து, ஜன்னலைத் திறக்கச் சொல்லி மூடச் சொல்லி, டேபிளை மடிக்கச் சொல்லி, டீ ஒன்று போட்டுக் கொடுத்து, கையில் ஸ்டிக்கர் ஷீட்டைத் திணித்துவிட்டு மாஸ்டர் இறங்கி நின்றுகொள்வார். பையர் பார்க்கும்போது மாஸ்டர் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது தொழில் தர்மம்.

"சும்மா மனசுல பட்டதச் சொல்லுங்க. நல்லாக்கீதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

நல்லாக்கீது என்று சொல்லிவிட்டு இறங்குகிறவர்களை மாஸ்டர் மதிப்பதில்லை. முகம் வாடிவிடும். எதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள், கூரையைப் பார்த்தார்களா, பார்த்திருந்தால் அந்த இரண்டாவது பலகையின் இடைவெளி கண்ணில் படாமல் எப்படிப் போகும் என்று ராத்திரி சாப்பாட்டின்போது வீட்டம்மாவிடம் கேட்டுக்கொண்டிருப்பார். உலகத்தில் பார்வை குறைந்துவிட்டது என்பது அவர் முடிவு. குறை சொல்கிறவருக்கோ மரியாதை பலமாக இருக்கும். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா பையன், வீடியோக்களில் பார்த்ததை வைத்து ஒன்பது இடத்தில் அம்பு ஒட்டினான். அவனுக்கு மட்டும் அன்று இரண்டாவது தட்டு பிரியாணியும் எண்ணெய்க் கத்திரிக்காயும் மாஸ்டர் கையாலேயே விழுந்தது.

குழந்தைகளிடம் ஷீட்டைக் கொடுக்கக் கூடாது என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும், மாஸ்டரைத் தவிர. ஐந்து வயதுப் பேத்தி ஒருத்தி ஸ்டீயரிங், கண்ணாடி, கியர், பிள்ளையார் படம், தாத்தாவின் சட்டை முதுகு என்று ஷீட் தீரும்வரை ஒட்டிவிட்டு ஓடினாள். வேறொருவர் பிய்த்துப் போட்டிருப்பார். மாஸ்டர் ஒவ்வொரு அம்பின் அடியிலும் டார்ச் அடித்துப் பார்த்து நோட்டில் எழுதினார். பக்கவாட்டுத் தகட்டில் ஓர் அம்புக்கு அடியில் உண்மையிலேயே துரு கிளம்பியிருந்தது. அந்தத் துருவைக் காட்டியே அடுத்த இரண்டு வருஷம் எல்லாருடைய வாயையும் அடைத்தார்.

ஓர் அம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். கட்டிலின் கீழ் பெட்டி வைக்க இடம் போதாது என்று ஒரு சித்தப்பா அம்பு ஒட்டினார். கட்டில் நான்கு அங்குலம் உயர்ந்தது. உயர்ந்த கட்டிலில் எழுந்து உட்கார்ந்தால் தலை மேல் அலமாரியில் இடித்தது. அலமாரி மேலே போனது. அலமாரிக் கதவு திறக்கும்போது ஃபேனில் பட்டது. ஃபேன் நடுவுக்கு வந்தது. நடுவில் நின்று சமைக்கிறவர் தலைக்கு மேல் ஃபேன் சுற்றியதால் கூரையையே வெட்டி உயர்த்துவது என்று முடிவாயிற்று. வெல்டிங் பாய் கிரைண்டரை ஆஃப் செய்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், கூரைய வெட்னா ஆர்.சி. புக்ல இருக்கற வண்டி வேற, ரோட்ல நிக்கற வண்டி வேற ஆயிடும்." சித்தப்பா பெட்டியை வேறு இடத்தில் வைத்துக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தார். அவருடைய கமெண்டை அவரே வாபஸ் வாங்க மாஸ்டர் அனுமதிக்கவில்லை. கட்டில் பழைய உயரத்துக்கு இறங்க எட்டு மாதம் ஆனது, கூரை பிழைத்தது.

பாய் சொன்னது சரியான பேச்சு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்துக்கும் பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கும் மாறாக உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மறுபக்கம், சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று வாகன வகைகளில் ஒரு தனி வகையே இருக்கிறது. தங்கும் வசதி கொண்ட வண்டிகளுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதியும் இருக்கிறது. ஆகவே வழி இல்லாமல் இல்லை. ஆள் ஏற்றும் வண்டி என்ற பதிவை முறைப்படி மாற்றிக்கொண்டு பிறகு கைவைக்க வேண்டும். ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டுவதற்கு வண்டி ஒரு முடிந்த வடிவத்தில் இருந்தாக வேண்டும். மாஸ்டரிடம் இல்லாத ஒரே பொருள் அதுதான்.

காஷ்மீருக்கு இன்னொரு தடையும் உண்டு. 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. பென்ஸ் வம்சத்துக்கும் விலக்கு இல்லை. டெல்லியைச் சுற்றிக்கொண்டு போகும் வழியை மாஸ்டர் மேப்பில் சிவப்பு மையால் வரைந்து ஒட்டியிருக்கிறார். வண்டி இன்றைய தேதிவரை பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டியதில்லை. ஒரு முறை ஏலகிரிக்கு ஏறியது. பதினாலு கொண்டை ஊசி வளைவையும் பென்ஸ் இன்ஜின் முனகாமல் கடந்தது. மேலே போய் இறங்கியதும் மாஸ்டர் செய்த முதல் காரியம், வழியில் எந்தெந்த அலமாரி சத்தம் போட்டது என்று குனிந்து குனிந்து அம்பு ஒட்டியது. படகுத்துறை பக்கம் வீட்டம்மா தனியாகப் போய்விட்டு வந்தார்.

மின்சாரம் கணக்கால் தீரும் விஷயம் என்பதால் மாஸ்டரால் அதை இழுக்க முடிவதில்லை. 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி ஒன்று 12 வோல்ட்டில் 1.8 யூனிட். பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் சாகும், ஆகவே கையில் கிடைப்பது 0.9 யூனிட். 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன், இரண்டு எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜர் என்றால் ராத்திரி முழுக்க ஓடியும் மிச்சம் இருக்கும். ஒரு டன் ஏ.சி. வேண்டும் என்று யாராவது அம்பு ஒட்டினால் கதை மாறும். எட்டு மணி நேரத்துக்கு ஐந்தாறு யூனிட் போகும், அதற்கு இதே பேட்டரி ஆறு வேண்டும். ஒன்று ஐம்பது கிலோவுக்கு மேல். லித்தியம் போட்டால் எடை பெருமளவு குறையும், விலை ஏறும். இந்த ஒரு விஷயத்தில் மாஸ்டர் அம்பைப் பிய்த்துப் போட்டார்.

தண்ணீர் அப்படியில்லை. ஒரு லிட்டர் ஒரு கிலோ, நூறு லிட்டர் டேங்க் நூறு கிலோ. கட்டுச்செட்டாக இருவர் மூன்று நாள் ஓட்டலாம். இவ்வளவுதான் விஷயம். ஆனால் பாலாற்றுக் கரையில் தோல் தொழிலில் இருந்தவரிடம் கழிவுத் தண்ணீரைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் போகும். அந்தத் தண்ணீர் ஆற்றிலும் கிணற்றிலும் கலந்ததால்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், மாசு செய்தவரே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பு 1996இல் வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற விதி வந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒரு கேனில் பிடித்து, கண்ட இடத்தில் கொட்டாமல், சாக்கடை உள்ள இடத்தில் ஊற்றினால் வண்டிக்குப் போதும். மாஸ்டரோ மணல், கரி, சவ்வு என்று மூன்று அடுக்கு வடிகட்டியைக் கட்டிலின் அடியில் வைத்தார். சித்தப்பா கேட்ட பெட்டி இடம் அதில் போனது.

சமையலறைக்கு ஐந்து கிலோ சிலிண்டர், ஒரு அடுப்பு. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் அறையின் அடியில் வெளிப்பக்கமாக ஓட்டை இருக்க வேண்டும். பாய் கேட்காமலே போட்டுக் கொடுத்துவிட்டார். இதில் வேறு பேச்சில்லை.

செலவு. பி.எஃப். பணத்தின் பெரும்பகுதி பலகையாகவும் தோலாகவும் மாறியிருக்கும். மீதி வாழ்க்கைக்கு இ.பி.எஸ். பென்ஷன். அதன் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். டிராவலர் லிட்டருக்கு பத்துப் பதினோரு கிலோமீட்டர் கொடுத்தால், டோல் கட்டணத்தை மறந்துவிட்டால், அந்த ஆயிரத்தில் ஆம்பூரிலிருந்து ஏறக்குறைய காஞ்சிபுரம் போய்ச் சேரலாம். திரும்பி வர அடுத்த மாதம் பிறக்க வேண்டும். மாஸ்டருக்கு வருவது அதைவிடக் கூடுதல்தான், ஆனால் காஷ்மீருக்குக் கூடுதல் இல்லை. முப்பது வருஷம் டாலரில் விற்ற பொருளைச் செய்தவர் கையில் மிஞ்சும் கணக்கு இது. கிளம்பினால் இந்தக் கணக்கு முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

தெருவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் நோட்டில் எழுதவில்லை. பன்னிரண்டு அடித் தெருவில் ஆறரை அடி அகல வண்டி வருஷக்கணக்கில் நிற்கிறது. தண்ணீர் லாரி உள்ளே வர முடியாமல் முனையிலேயே நின்றுவிடுவதால், அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு முனைவரை நடக்கிறார்கள். ஒரு ராத்திரி நெஞ்சுவலிக்காரர் வீட்டுக்கு வந்த ஆம்புலன்ஸ் ரிவர்ஸில் போய் அடுத்த தெரு வழியாக வந்தது. மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பையன் வந்து வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கேட்டபோது, உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு மனசுல பட்டதச் சொல்லு என்று மாஸ்டர் ஷீட்டை நீட்டினார். பையன் ஒன்றும் ஒட்டவில்லை. இதில் சிரிக்க எதுவும் இல்லை.

வேலூரைப் பற்றி ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று பழைய சொலவடை ஒன்று உண்டு. கோயிலுக்கு 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்துவிட்டார். காலியான அந்த இடத்தில் ரோடு இல்லாத வண்டியைச் சேர்க்கச் சொல்லித் தெருவில் பேச்சு உண்டு.

இத்தனைக்கும் அந்த வண்டியைத் தெரு வெறுக்கிறதா என்றால், இல்லை. மெத்தை வெட்டியதில் மிஞ்சிய தோலெல்லாம் சின்னச் சின்னப் பர்சாகவும், பள்ளிக்கூடப் பையின் அறுந்த வாராகவும், பாயின் கிரைண்டர் உறையாகவும் தெரு முழுக்கப் பரவியிருக்கிறது. ஒரு காலத்தில் மாஸ்டரிடம் தையல் கற்ற பெண்கள் ஷிப்டு விட்டுப் போகும்போது செருப்பு வாரை நீட்டினால், வண்டிப் படியில் உட்கார்ந்தபடியே தைத்துக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். அந்தத் தையல் அறுந்து யாரும் இரண்டாவது தடவை வந்ததில்லை. அந்த வாருக்கு மட்டும் அவர் கமெண்ட் கேட்பதில்லை, தைத்து முடித்ததும் கொடுத்துவிடுவார். அந்தப் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு நடந்தே ஊருக்குப் போகிறார்கள்.

வீட்டம்மாவின் கையில் இதுவரை ஷீட் கொடுக்கப்பட்டதில்லை. அவருடைய கமெண்ட் ஒன்றே ஒன்று, அது ராமேஸ்வரம். "இன்னாங்க, பஸ்ல போய்ட்டு வந்துரட்டா?" என்று ஒவ்வொரு தை அமாவாசைக்கும் கேட்பார். போன வருஷம் தங்கச்சியோடு ரயிலில் போய்விட்டு வந்துவிட்டார். மாஸ்டருக்குச் சங்குமாலை ஒன்று வாங்கி வந்தார். அதை டிரைவர் சீட்டின் முன்னால் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஓடாத வண்டியில் அது ஆடுவதில்லை.

இந்த வண்டிகள் கடைசியில் எங்கே போகின்றன என்பதும் தெரிந்ததே. எஃப்.சி. காட்ட வேண்டிய தேதி தாண்டி, மகளும் மருமகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்து, வாணியம்பாடிப் பக்கத்து வியாபாரி ஒருவர் வந்து பார்ப்பார். அவர் வாங்குவது இன்ஜினையும் சேஸிஸையும். பலகையைக் கழற்ற ஆள் கூலி தன் தலையில் விழும் என்று அதற்கும் விலையைக் குறைப்பார். மாஸ்டர் தோல் மெத்தையைத் தர மறுத்துக் கழற்றி வைத்துக்கொள்வார். கூரைமேல் மாட்டிய சோலார் பேனலுக்குப் பேரம் படியாது. பேட்டரிக்கு மட்டும் வியாபாரி தனியாகக் காசு தருவார், அதுவும் பழைய ஈயம் கிலோ என்ன விலையோ அந்தக் கணக்கில்.